மாடியிலிருந்து வந்த உத்தரவு

1942 மார்ச் எட்டாம் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசமானது. திருச்சி பாலக்கரை ரெங்கராஜ் சுருட்டுக் கம்பெனியின் சரக்கில் பெரும்பகுதி அதுவரை ரங்கூனுக்குத்தான் கப்பலேறிக்கொண்டிருந்தது.

சித்திரை பிறந்த மறுவாரம் ஒரு நாள் காலை, மானேஜர் பராசரன் மாடியிலிருந்து இறங்கி வந்து கடைசிப் படியிலேயே நின்றார். முதலாளியின் தமக்கை பாப்பாயி, கஞ்சிக் கிண்ணமும் பாலாடையுமாக அவரைத் தாண்டி மேலே ஏறிப் போனாள்.

"மறுபடியும் கேட்டுப் பார்த்துட்டேன்" என்றார் பராசரன். "பாதிப் பேர் வேலையை விட்டு நின்னுக்கணும்னு முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டார்."

சுருட்டு உருட்டிக்கொண்டிருந்த கைகள் பலகை மேல் அப்படியே நின்றன. நிற்க வேண்டியவர்களின் பெயர்களை முந்தின நாளே வாசித்துவிட்டார்கள். புகையிலையிலிருந்து நரம்பு உரிக்கும் காளியாயியின் பெயர்தான் முதலில் வந்தது. சுருட்டு உருட்டும் அவள் மகள் வீராயியின் பெயர் வரவில்லை.

"நீங்க எடுத்துச் சொன்னீங்களா சாமி?" என்று கேட்டாள் காளியாயி.

"சொல்லாம இருப்பேனாம்மா? எவ்வளவோ கெஞ்சினேன்."

"அவரை ஏன் கேக்கறே, பாவம்" என்றான் சுருட்டு உருட்டும் காத்தான். "கால் வெளங்கலைன்னு மாடியில போய் ஒக்காந்தாரு பெரிய மனுசன். இப்ப மனசும் மரத்துப்போச்சு."

பராசரன் எதையும் தாமாக முடிவு செய்து யாரும் பார்த்ததில்லை. லீவு கேட்டாலும் சரி, கூலித் தகராறு என்றாலும் சரி, "கேட்டுச் சொல்றேன்" என்று மாடி ஏறுவார், இறங்கி வந்து பதில் சொல்வார். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து போகும் அந்தச் சாதுவான மனிதர் மேல் யாருக்கும் கோபம் வந்ததில்லை. கோபமெல்லாம் மாடிக்குத்தான் போயிற்று.

காளியாயி மட்டும் இல்லையென்று தலையை ஆட்டினாள். "மொதலாளி அப்படிப்பட்ட ஆளு இல்லை. எங்க அண்ணனை நிறுத்தறப்பக் கூட எதிர்ல ஒக்காரவெச்சு அவர் வாயாலதான் சொன்னாரு. இன்னொருத்தர்கிட்ட சொல்லியனுப்பினதே கிடையாது."

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் இலையை முதலாளி ரெங்கராஜே கையில் எடுத்துக் கொடுப்பார். விட்டுப் போகிறவர்கள் ஓர் இலையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

காளியாயி தன் கூடையிலிருந்து நல்ல இலையாக ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இதை அவர் கையில குடுத்துட்டுப் போறேன்."

பராசரன் படியை மறித்தார். "யாரும் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்மா."

"நீங்க தெனம் பாக்கறீங்களே சாமி."

"அவரும் டாக்டருக்குப் படிச்சவரு, தெரியாதா?" என்றான் காத்தான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குள் காளியாயி அவரை விலக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். பராசரன் பின்னாலேயே ஓடினார்.

ஜன்னலோரக் கட்டிலில் ரெங்கராஜ் தலையணைகளில் சாய்ந்திருந்தார். காளியாயியைக் கண்டதும் அவர் கண்கள் அவள் மேல் நிலைத்தன.

"போகச் சொன்னீங்களாம்யா. அந்த வார்த்தையை உங்க வாயால சொல்லுங்க, போயிடறேன்." அவள் இலையை அவருடைய வலக்கையில் வைத்தாள்.

விரல்கள் மூடவில்லை. இலை சரிந்து தரையில் விழுந்தது.

கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த பாப்பாயி, பாலாடையைக் கையில் வைத்தபடியே அவளை வியப்போடு பார்த்தாள். "பொங்கலன்னிக்கு விழுந்ததுலேருந்து தம்பிக்குப் பேச்சு ஏது ஆத்தா?"

காளியாயி திரும்பினாள். பராசரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இத்தனை நாளாச் சொன்னதெல்லாம் யாரு சாமி?"

"வர்ற ஆர்டருக்குப் பாதிப் பேருக்குத்தாம்மா வேலை இருக்கு. நான் வேற என்ன செய்யறது?" அவர் குரல் தாழ்ந்தது. "என் பேர்ல சொன்னா யார் கேப்பா? இவர் இப்படிப் படுத்துட்டார்னு வெளியே தெரிஞ்சா திண்டுக்கல்லேருந்து கடனுக்கு ஒரு கட்டு இலை வராது. அப்புறம் மிச்சம் இருக்கறவங்களுக்கும் கம்பெனி இல்லை."

"அதுக்காக இவரைக் கெட்டவராக்கிட்டீங்களா?"

"கல்நெஞ்சன்! நல்லா இருப்பானா?" என்று கீழே காத்தான் சத்தம் போடுவது ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது. ரெங்கராஜ் கண்களை மூடிக்கொண்டார். அசையாத முகத்தில் நீர் மட்டும் வழிந்தது. பாப்பாயி கஞ்சியைத் துடைப்பதுபோல அதையும் துடைத்துவிட்டாள்.

காளியாயி குனிந்து இலையை எடுத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினாள். பிறகு இறங்கிப் போனாள்.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வீராயி ஓடி வந்து தாயின் கையைப் பிடித்தாள். "அவரைப் பாத்தியாம்மா? என்ன சொன்னாரு?"

காளியாயி மகளின் முகத்தைப் பார்த்தாள். இன்னும் உருட்டி முடிக்காத சுருட்டுகள் கிடந்த பலகைகளைப் பார்த்தாள். பின் கூடையில் மிச்சமிருந்த இலைகளைப் பலகையில் கொட்டிவிட்டு, காலிக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மொதலாளி அவர் வாயாலயே சொல்லிட்டாரு. பேர் வாசிச்சவங்க எல்லாம் வாங்க, போகலாம்."