ஹம்மிங்குக்குச் சைகை

கையைக் கீழே போடச் சொன்னாள்.

ஆறு பேர் போட்டார்கள். இசக்கியம்மாள் போடவில்லை.

மேடைக்குக் கீழே பாதி குனிந்து நின்றிருந்த டீச்சர் மறுபடியும் காட்டினாள். கை கீழே. இங்கே வரி கிடையாது.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அது. நாளைக்கு ஆண்டு விழா. ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு ஊருக்கெல்லாம் கேட்கும், மேடையில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கேட்காது. கீழேயிருந்து டீச்சர் கை காட்டக் காட்ட, மேலே அவர்கள் வரி வரியாகச் சைகையில் பாடுவார்கள். வருஷா வருஷம் அப்படித்தான்.

இந்த வருஷப் பாட்டில் ஆற்றில் வெள்ளம். புருஷன் அக்கரையில், பெண்டாட்டி இக்கரையில். முதல் சரணம் முடிந்ததும் பாடகி வார்த்தையை விட்டுவிடுகிறாள். வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுக்கிறாள். இழுத்துக்கொண்டே போகிறாள்.

இசக்கி கையால் கேட்டாள். பாட்டு நின்றுவிட்டதா?

இல்லை, பாடுகிறாள்.

என்ன பாடுகிறாள்?

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாததை எதற்குப் பாட வேண்டும்?

டீச்சர் பாட்டை நிறுத்தினாள்.

வாயில் சோறு இருக்கும், என்றான் ஓரத்தில் நின்றவன். வரி மறந்திருக்கும் பாவம், என்றாள் இன்னொருத்தி. மேடையே சிரித்தது. டீச்சரும்தான் சிரித்தாள்.

இசக்கி சிரிக்கவில்லை. பதில் வேண்டும் அவளுக்கு. பிளஸ் ஒன் வந்ததிலிருந்தே அவள் அப்படித்தான், பிடித்தால் உடும்புப் பிடி.

பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்த வழியாக வந்திருந்த ஹெட்மாஸ்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"அந்த ம்ம்முவ வெட்டி எறிஞ்சிருங்க டீச்சர். பிள்ளைக மரமாட்டம் நின்னா நல்லாவா இருக்கு?"

போய்விட்டார். அவர் கவலை அவருக்கு. கலெக்டர் வருகிறார்.

அவர் உதட்டைப் பார்த்தே, வெட்டப் போகிறார்கள் என்று இசக்கிக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் குறுக்கே வீசினாள். கூடாது. என்னவென்று சொல்லுங்கள், நான் செய்கிறேன்.

டீச்சர் யோசித்தாள். சோகம், என்று காட்டினாள்.

சோகத்துக்குத்தான் சொல் இருக்கிறதே. அதைச் சொல்லியிருக்கலாமே?

காத்திருக்கிறாள்.

அதற்கும் இருக்கிறது.

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது என்று ஆயுசு பூராவும் ஹம் பண்ணியிருக்கிறாள். என்ன சொல்கிறோம் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் ஆசையாகவும் இருந்தது. இந்தப் பெண் கேட்டுவிட்டாளே, தெரிந்துகொண்டால்தான் என்ன?

மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். மெதுவாகக் கையை எடுத்தாள்.

சொல்வதற்கு இருக்கிறது. சொல் கிடைக்கவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை.

இசக்கி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வயதில் இந்தப் பள்ளிக்கு வந்தவள். அதுவரை அவளுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. தன் பெயர் கிடையாது. அம்மா என்பதற்கும் ஒன்றும் கிடையாது.

தெரியும், என்று காட்டினாள். பாட்டைப் போடுங்கள்.

டீச்சர் போட்டாள்.

வெள்ளம் வந்தது. அக்கரை வந்தது. ஏழு ஜோடிக் கைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்ந்தன. சரணம் முடிந்தது. ஆறு பேர் கையைக் கீழே போட்டார்கள்.

இசக்கியின் கைகள் மட்டும் நெஞ்சுக்கு நேராக நின்றன.

பிறகு அசைந்தன. எந்தச் சொல்லும் இல்லை அதில். ஒரு சொல்லைத் தொடப் போய், தொடாமல் திரும்பின. வேறொரு பக்கம் போயின. விரல்கள் விரிந்து, எதையோ கேட்டு, கிடைக்காமல் மடங்கின. திரும்பவும் விரிந்தன.

டீச்சர் கை காட்ட மறந்துபோனாள். அடுத்த சரணம் தொடங்கிவிட்டது. மேடையில் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் இசக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்."

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசக்கியின் அம்மா. காலையில் பஸ் கிடைக்காமல் போய்விடுமோ என்று இன்றைக்கே மஞ்சப்பையோடு வந்து சேர்ந்தவள். சைகை தெரியாது. லீவுக்கு மகள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடு, தூங்கு, விளக்கை அணை, இவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு. இவ்வளவு நேரமும் ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவள், இப்போது எழுந்து நின்றாள்.

"சின்னப் புள்ளையில இப்படித்தான் டீச்சர். அடுப்பாங்கரையில எம் முன்னால வந்து நின்னு இப்படியே கைய ஆட்டிக்கிட்டுக் கெடப்பா. எனக்கு என்ன தெரியும்? பேய்க்கோட்டி புடிச்சிருக்குன்னு ஊர்ல சொன்னாக."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினாள்.

"நான் அந்தக் கையிலேயே அடிப்பேன்."

பாட்டு தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. ஹால் அமைதியானது. மேடையில் இருந்த இசக்கி, தன் அம்மா எழுந்து நிற்பதைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இருக்கும் பக்கம் நடந்தாள்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள், மகளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

"தப்புப் பண்ணிட்டேன்னு கையில எப்படிச் சொல்லணும் டீச்சர்?"

டீச்சர் செய்து காட்டினாள்.

இசக்கி வந்து சேர்வதற்குள், அந்த அம்மாள் மஞ்சப்பைக்குப் பின்னால் கையை மறைத்து ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டாள்.