அடையாளத்துக்கு நட்டது

ராசிபுரத்துக்கு வெளியே, இடுகாட்டு மேட்டில் காலை வெயில் ஏறுகிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் உண்ணிச்செடி, மஞ்சளும் சிவப்பும் கலந்து பூத்துக் குழிமேடுகளையெல்லாம் மூடிக் கிடக்கிறது. மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையைச் செத்துப்போன புருஷனின் தலைமாட்டில் வைத்த பிறகுதான் மற்றவர்களை அழைக்க வேண்டும். அதற்காக, மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் ஏந்தி வசந்தாமணி நிற்கிறாள். கொழுந்தன் தனபால் கொடுவாளோடு புதருக்குள் நிற்கிறான். முழங்கையெல்லாம் முள் கீறல். வெட்டுப்பட்ட இலையின் காட்டமான வாசனை மூக்கில் ஏறுகிறது. “அண்ணனுக்கு நீங்க நட்டது இதுல எதுங்க அண்ணி?” “ஊட்டுத் தொட்டியிலிருந்து ஒரே ஒரு குச்சிதான் ஒடிச்சாந்து வெச்சேன். ஆடு வாய் வெக்காது, அடையாளம் நிக்கும்னு பார்த்தேன்.” “ஆடு வாய் வெக்கலீங்க. குருவி பழத்தைத் தின்னு ஊரெல்லாம் வெதச்சிருச்சு.” அவன் மறுபடி வாளை ஓங்குகிறான். “போதும் சாமி, வெட்டாத. பன்னெண்டு வருசம் ஆயிருச்சு, இனி எங்கன்னு தேடறது? உங்க அண்ணனுக்குக் காது நல்லாவே கேக்கும்.” தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரிகையைப் பிரிக்கிறாள். புதர் முழுக்கக் கேட்கிற மாதிரி, தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் வாசிக்கிறாள். நாள், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் ஆகிறது. ‘தெய்வத்திரு’ என்று அச்சடித்த இடத்தில் குரல் நிற்கிறது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, “சின்னுசாமி, வசந்தாமணி தம்பதியரின் மகள்” என்று தொடர்கிறாள்.