முதுகு தடவும் கை

பள்ளிக்கூடத்தில் கன்னையன் முதுகில் 'கழுதை' என்று எழுதிய காகிதத்தை ஒட்டிவிடுவது மலைச்சாமியின் அன்றாடச் சோலி. நாற்பது வயதிலும் கன்னையனின் கை அதை மறக்கவில்லை. ஏலக்காய் எடை போடும்போதும் பஸ்சில் நிற்கும்போதும் முதுகைத் தடவித் தடவித் தோலே கன்றிவிட்டது. அதுவும் போதாமல் மனைவி மாயக்காளை வேறு பார்க்கச் சொல்வார். அவள் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார்.

மலைச்சாமி வளர்ந்து வியாபாரிகள் சங்கத் தலைவராகி, போடியில் கட்டிய மாலைகளில் பாதியை வாங்கிக்கொண்டு, எண்பத்து மூன்றாம் வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

"ஒட்டுன ஆளே போயிட்டாரு. இனியும் தடவுனீங்க, நான் தேவாரத்துக்கு எங்கண்ணன் வீட்டுக்கு பஸ்சு ஏறிருவேன்," என்றாள் மாயக்காள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்தில் கன்னையன் கைகளைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத இமயமே!" என்று மேடையில் முழங்கினார் செயலாளர் வெள்ளைத்துரை. முழங்கும்போதே அவர் கை பின்னால் போய் முதுகைத் தடவியது. அடுத்துப் பொருளாளர் தடவினார். பிறகு மேடையில் இருந்த எல்லோரும் ஒவ்வொருவராகத் தடவினார்கள்.

வெள்ளைத்துரை இறங்கி நேராகக் கன்னையனிடம் வந்தார்.

"அண்ணே, யாரோ பின்னாடி கை வச்ச மாதிரி இருந்துச்சு. வெரசாப் பாருங்க," என்று முதுகைத் திருப்பினார்.

கன்னையன் பார்த்தார். காகிதம் இருந்தது. சோற்றுப் பசை இன்னும் காயவில்லை. எழுத்து மலைச்சாமியுடையதுதான்.

"ஒண்ணுமே இல்ல தம்பி," என்றார். "போய் உக்காருங்க."