பழைய பாலிஷ்

"நகத்துல இருக்குற பழைய பாலிஷை அழிக்காதீங்க அக்கா. அதுக்கு மேலேயே தங்க டேப்பை ஒட்டுங்க."

நாற்காலியில் உட்காரும்போதே செவ்வந்தி சொல்லிவிட்டாள். இதை மட்டும் பாயிஸா அக்காவிடம் கேட்டுவிடாதே என்று கல்லூரித் தோழி ஷாஜியா எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தாள்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல் அடுக்குகளுக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கும் இரண்டு நாற்காலிகளும். அதுதான் பாயிஸாவின் பார்லர்.

"நீ இன்னா, எனக்கு வேலை சொல்லிக் குடுக்க வந்தியா?" பாயிஸா அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். பத்து நகத்திலும் தடிமனாக மெரூன். "ஒண்ணு மேல ஒண்ணா பூசி வச்சிருக்க. அடியில பழசு இருந்தா டேப் நிக்காது, தூக்கிக்கும். அப்புறம் பாயிஸா போட்டது பிஞ்சிடிச்சின்னு என் பேருதான் கெடும்."

"பிஞ்சா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒட்டுங்க."

"வாயப் பாரு! டிகிரி முடிச்சவளா?"

"பி.ஏ. எங்க வூட்டுல நான்தான் மொதோ ஆளு."

"அதான் பேச்சுலயே தெரியுதே."

பாயிஸா நகத்தின் மேல் நிறமில்லாத பூச்சு ஒன்றைத் தடவினாள். "இது நல்லா காயணும். ஈரத்துல ஒட்டினா டேப் சுருங்கிடும்."

"சீக்கிரங்க்கா. வெள்ளிமலை பஸ்ஸைப் புடிக்கணும். சாயங்காலம் ஊர்க்கூட்டம்."

"இன்னா கூட்டம்?"

"இட ஒதுக்கீட்டுல எங்களுக்குச் சேர வேண்டியதைக் குடுக்குற வரைக்கும் யாரும் ஓட்டுப் போடக் கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு. பொம்பளைங்க ஒருத்தரையும் கேக்கலை, அவங்களே முடிவு பண்ணாங்க. எலெக்‌ஷன் அன்னிக்கு ஊரே மறியலுக்குப் போயிடிச்சி. இப்போ எண்ணிப் பார்த்தா எங்க பூத்துல ஒரு ஓட்டு."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. ஆயம்மாள்தான் போட்டிச்சின்னு சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குது, பூத்தும் அதே பள்ளிக்கூடம். இன்னிக்கு அதை ஊரை விட்டுத் தள்ளி வைக்கப் போறாங்க. கடையில உப்புகூடக் கெடைக்காது. அது ஆக்குற சோத்தைப் புள்ளைங்க தொடக் கூடாது. புருஷன் இல்லாத பொம்பள, எங்க போவும்?"

"யாரு தள்ளி வைக்கிறது?"

"எங்க அண்ணன் சக்கரவர்த்தி. அவருதான் போராட்டக் கமிட்டித் தலைவரு." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என்னைப் படிக்க வச்சதும் அவருதான்."

நூலாய் மெலிந்த தங்க டேப்பை நகத்தின் குறுக்கே வைத்து, பாயிஸா குச்சியால் அழுத்தினாள். சின்னக் கத்தரியால் நறுக்கினாள்.

"பார்த்துக்க. நுனி வரைக்கும் இழுக்கக் கூடாது, ஒரு மயிரிழை உள்ளயே வெட்டணும். இல்லாட்டி தலை வாரும்போது முடி மாட்டித் தூக்கிடும். மேல பூசுறது நகத்தோட நுனியையும் சேர்த்து மூடணும். அப்பதான் நிக்கும்."

"நகம் வளர்ந்து வெட்டுற வரைக்கும் நிக்குமா?"

"பழசு மேல ஒட்டிட்டு இந்த ஆசை வேறயா? பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

செவ்வந்தி பாயிஸாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் போடுறீங்க, உங்க நகம் மொட்டையா இருக்குதே?"

"நான் அஞ்சு வேளை தொழுவுறவ. அதுக்கு முன்னாடி ஒளு செய்யணும், கை கால் மூஞ்சி எல்லாம் கழுவணும். தண்ணி நகத்துல படணும். பூசி மூடிக்கினு போயி அல்லா முன்னாடி நிக்க முடியுமா? போட்டா, அழிச்சிட்டுத்தான் நிக்கணும்."

பாயிஸா அடுத்த நகத்துக்கு டேப்பை நறுக்கினாள்.

"ஆமா, அந்தம்மாதான் ஓட்டுப் போட்டிச்சின்னு யாரு பார்த்தது?"

"யாரும் பார்க்கலை. கடுக்காய் உடைக்கிற கையி, நகமெல்லாம் கறுத்துக் கெடக்குது. மலையில பாதிப் பேரு கை அப்படித்தான். ஆனா அது மட்டும் ஓட்டு மைன்னு சாதிக்கிறாங்க. கடுக்காய்க் கறைதான்னு அது தலையில அடிச்சிக்கினு அழுவுது. நம்புறதுக்கு ஆளில்லை."

"நீ சொல்றதுதானே உங்க அண்ணன்கிட்ட?"

"சொல்லியிருக்கணும். மொதோ நாளே சொல்லியிருக்கணும். தொண்டை வரைக்கும் வந்திச்சிக்கா. அண்ணன் மூஞ்சியைப் பார்த்தேன். முழுங்கிட்டேன்." அவள் கண்களைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள்.

"ஆட்டாதே! ஈரம் இருக்குது." பாயிஸா மணிக்கட்டைப் பிடித்துக் கீழே வைத்தாள். கடைசி நகத்துக்கும் பூச்சு போட்டு நிமிர்ந்தாள். "ஆயிடிச்சி. பழசு மேல போட்டும் எப்படி வந்திருக்குது பாரு!"

விளக்கு வெளிச்சத்தில் பத்துத் தங்கக் கோடுகளும் மின்னின. செவ்வந்தி அவற்றை ஒரு முறை பார்த்தாள். சட்டென்று ரிமூவர் பாட்டிலை எடுத்தாள், பஞ்சை நனைத்தாள், இடது ஆள்காட்டி விரலில் வைத்துத் தேய்த்தாள்.

"ஏய், ஏய்! இன்னா பண்ற? பைத்தியமா புடிச்சிருக்குது?"

தங்கக் கோடு சுருண்டு விழுந்தது. மெரூன் கரைந்தது. மிச்ச ஒன்பது நகங்களை அவள் தொடவில்லை. பணத்தை மேசையில் வைத்துவிட்டு, திரையை விலக்கினாள்.

அந்த ஒற்றை நகத்தின் நுனிப் பாதியில் கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னாடி அது? நீயும் கடுக்காய் உடைச்சியா?"

"எங்க அண்ணன் என்னைக் கடுக்காய் தொட விட்டதே இல்லைக்கா. படிக்கிற கைன்னு சொல்லுவாரு."

விரலை மடக்காமல், செவ்வந்தி வெள்ளிமலை பஸ்ஸுக்கு நடந்தாள்.