கருட தரிசனம்

ஊரே அண்ணாந்து நின்றது. கருடன் வந்தால்தான் கலசத்தில் நீர் ஊற்றுவார்கள்.

தன் வீட்டு மொட்டைமாடியில் அவள் மட்டும் குனிந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு கூடை. கூடைக்குள் பருந்துக் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

நேற்று மாலை வரை அதன் வீடு தெப்பக்குளக் கரை மருதமரம். கும்பாபிஷேகத்துக்குப் பணம் தந்த தங்கப்பழம் ஹெலிகாப்டரில் வந்து இறங்க, மரம் இடைஞ்சலாம்.

"மரத்துல கருடன் குஞ்சு இருக்குய்யா. பறக்கப் பழகட்டும், பொறுங்க" என்று கெஞ்சினாள்.

தங்கப்பழம் சிரித்தார்.

"யம்மா, கருடனே நேர்ல ஆசீர்வாதம் பண்ண வரப்போறாரு. நீங்க குஞ்சுக்குப் போயி மல்லுக்கு நிக்கீங்க."

வெட்டிவிட்டார்கள்.

திறந்தவெளியில் வைத்தால் தாய் தேடி வரும் என்று விடிந்ததும் கூடையை மாடிக்குக் கொண்டுவந்தாள். தாய்க்கு முன்னால் சொந்தபந்தம் ஏறிவிட்டது. கோபுரம் நன்றாகத் தெரிகிற மாடி என்று ஊரைக் கூட்டியது அவள் புருஷன்தான்.

"அந்தா, கருடன்!"

கைகள் தலைக்கு மேல் போயின.

அது தூத்துக்குடி விமானம். தூக்கிய கையைச் சும்மா இறக்குவானேன் என்று அதையும் கும்பிட்டு வைத்தார்கள்.

அடுத்து ஹெலிகாப்டர். பூமாரி பொழிந்தது. கோபுரத்தில் ஒரு இதழ்கூட விழவில்லை. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கூரைக்கு நல்ல அர்ச்சனை.

தங்கப்பழம் கையசைத்தபடி இறங்கினார். பந்தலில் பாதி பிய்ந்து போனது.

இரைச்சல் அடங்கியது.

அப்போதுதான் அது வந்தது. வெள்ளைத் தலை. செம்பழுப்புச் சிறகு. காலில் ஒரு பாம்பு.

மைக் கதறியது.

"நாகத்தோடயே வந்துட்டாரய்யா! எல்லாம் நம்ம தங்கப்பழம் அண்ணாச்சியோட பக்தி!"

குஞ்சுக்கு இரை அது.

கோபுரத்தை அது சட்டை செய்யவில்லை. வெட்டிய மரத்தின் அடிமூட்டுக்கு மேலேயே வட்டமிட்டது.

கூடைக்குள்ளிருந்து குஞ்சு கத்தியது.

தாய் திரும்பியது. மாடியை நோக்கித் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது.

மாடி முழுக்கக் கைகளும் செல்போன்களும் எழும்பின.

தாய் விலகி மேலே போய்விட்டது.

"ஏட்டி, கும்பிடு" என்றான் புருஷன். அவன் கண்ணில் நீர் வழிந்தது.

அவள் துணிக்கொடிக் கம்பை உருவினாள்.

"எறங்குங்க. அத்தன பேரும் கீழ எறங்குங்க."

"நல்ல நேரத்துல என்ன மதினி இது..."

"வெளுத்துப்புடுவேன்!"

கம்பு தரையில் அறைந்தது. போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதே சிரிப்போடு ஓடினார்கள். புருஷன் மட்டும் கூப்பிய கையைப் பிரிக்காமல் படியிறங்கினான்.

கலசத்தில் நீர் விழுந்தது. மேளம் முழங்கியது. தங்கப்பழத்துக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

மாடியில் அவளும் கூடையும்.

தலைக்கு மேல் நிழல் சுற்றியது. இறங்கவில்லை.

அவளுக்குப் புரிந்தது.

கம்பைப் போட்டாள். தானும் படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். கதவிடுக்கில் வெளிச்சக் கோடு. ஒரு கண் வைத்தால் போதும், கூடை தெரியும்.

"இப்ப அண்ணாந்து பாக்காதவன் பாவி!" என்றது மைக்.

கதவுக்கு முதுகைக் கொடுத்து அவள் படியில் உட்கார்ந்தாள்.

மாடியில் ஏதோ சடசடத்தது.

அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.