மவுஸ் தடுமாறிய இடம்

வேலைக்கான கம்ப்யூட்டர் விண்ணப்பத்தில் வயதைக் கேட்ட இடத்தில் ஏழு வருடங்களைக் கூசாமல் விழுங்கியிருந்தார் அச்சக மேனேஜர். ‘தற்போது வேலையில் இருக்கிறீர்களா?’ என்றதற்கும் ‘ஆம்’தான். அச்சகத்தை மூடி இரண்டு வருடமாகிறது.

எதிரே இருந்த பெண் அதிகாரி திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

“சார், ஒரே ஒரு பதில்ல உங்க மவுஸ் தடுமாறியிருக்கு. அது பொய்.”

“உண்மையான வயசைச் சொன்னா யாரும் உள்ளயே விட மாட்டேங்கிறாங்க மேடம்...”

“வயசா? அதுல கை ஆடவே இல்லையே! பயப்படாதீங்க சார், இங்க வேலைன்னு ஒண்ணும் கிடையாது. இது பொய்யைக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. சும்மா ஒரு பொய் சொல்லுங்கன்னா யாருக்கும் கை நடுங்க மாட்டேங்குது. அதான் வேலைன்னு விளம்பரம் கொடுத்தோம்.”

இஸ்திரி போட்ட சட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

“அப்போ எதுலதாம்மா மாட்டினேன்?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கடைசிக் கேள்வி. ‘இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்புகிறீர்களா?’

‘ஆம்’ என்று அழுத்தியிருந்தார்.

“உங்க மிஷின் நல்லாத்தாம்மா வேலை செய்யுது” என்றபடி எழுந்துகொண்டார்.