பிச்சாவரத்துக் குரங்கு

"நண்டுன்ற பேச்சே இந்த வீட்ல ஆவாது!"

அமிர்தம் அடித்துச் சொல்லிவிட்டாள். மருமகள் காயத்ரிக்கு மசக்கை. எது வாய்க்குள் போனாலும் உடனே வெளியே வந்துவிடுகிறது. நாக்கு கேட்டது ஒன்றே ஒன்றுதான், நண்டு வறுவல். பரங்கிப்பேட்டைப் பெண் ஆயிற்றே! கேட்ட இடம்தான் தப்பு. சுத்த சைவக் குடும்பம்.

"பொறந்த ஊர்ல என்ன வேணா துன்னிருக்கலாம். வாழ வந்த எடத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கணும்" என்று மாமியாரின் பிரசங்கம் வேறு. காயத்ரிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில், "கெளம்பு, பிச்சாவரம் போலாம்" என்றாள் அமிர்தம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

திருவந்திபுரம் மலையில் அட்டகாசம் பண்ணிய குரங்குகளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிச்சாவரத்தில் விட்டிருந்தார்கள். வீடு புகுந்து ஃப்ரிட்ஜையே திறந்த பட்டாளம் அது. ஆனாலும் அமிர்தத்துக்கு அதுங்க அனுமார் அம்சம். மாசம் தவறாமல் பழம் கொடுக்கக் கிளம்பிவிடுவாள்.

படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. வேர்மேல் ஒரு தாட்டியான குரங்கு.

"ராஜா, பழம் பாரு!" அமிர்தம் வீசினாள்.

ராஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேற்றுக்குள் கையை விட்டு, கொடுக்கு படாமல் பின்பக்கமாக ஒரு நண்டைப் பிடித்து, வேரில் நாலு தட்டுத் தட்டி, சப்புக்கொட்டித் தின்றது.

"ஐயோ அத்த! அனுமாரு நண்டு துன்றாரு!" காயத்ரி சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

"வந்த புதுசுல பழத்துக்கு ஏங்கிக் கெடந்துச்சு. இப்ப சீந்தறதே இல்ல. எடத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிச்சு" என்றாள் அமிர்தம்.

பின்னே எதற்கு மாசாமாசம் பழத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்? காயத்ரிக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. குரங்குக்கு இருக்கும் கொடுப்பினை நமக்கு இல்லையே என்று எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

கரையில் இறங்கியதுமே வறுவல் வாசனை மூக்கைத் துளைத்தது. பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தாள்.

நண்டுக்கடை ஜான்சி ரெண்டு பொட்டலத்தோடு எதிரே ஓடிவந்தாள்.

"வாங்கம்மா! இது புள்ளத்தாச்சிக்கு, நேத்து நீங்க போன்ல சொன்ன மாதிரி காரம் கம்மி. இது உங்களுக்கு, எப்பவும் போல காரம் ஜாஸ்தி!"